பூட்டியும் பூட்டாத கப்ளிங்

போன மாதம் நான் பட்டறைக்கு வந்திருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அங்கே வேலை பழகும் உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். "அன்ரி, இந்த ஜொப்ல நீங்க எப்பவாவது ரியலா பயந்திருக்கிறீங்களா?" ஓம் என்றேன். அதற்குள் யாரோ மைக்ரோவேவில் கருவாட்டுக் கறியைச் சூடாக்க, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினீர்கள். கதை அந்த இடத்திலேயே நின்றுபோனது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துருவை எப்படி எடுப்பது, எந்த இரும்பை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றை உங்களுக்குக் காட்டித் தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது ஒரு வெள்ளிக்கிழமை காலையைப் பற்றி. அன்று என்னோடு நின்றவர்களுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை என்ற எண்ணமும் இருக்கிறது.

நான் இந்தப் பட்டறைக்கு வந்தது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் பெட்டிகளில் பிஸ்கட் அடுக்கினேன், கார் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டினேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பின்னேர வகுப்பில் வெல்டிங் படித்தேன். என் வீடு இருக்கும் வோபர்னில் இருந்து ஒரே பஸ்ஸில் வரக்கூடிய இடம் என்பதால்தான் இங்கே விண்ணப்பித்தேன். முதலாளி அந்தக் காலத்திலேயே தலை நரைத்தவர். சிறு வயதில் ஹொலண்டில் இருந்து வந்தவர். தன்னுடைய பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் முதலாளி என்றே சொல்கிறேன். பழைய காரவன்களின் கப்ளிங் என்றால், அதாவது வாகனத்தையும் அதன் பின்னால் இழுத்துப்போகும் அந்தச் சின்ன வீட்டையும் சேர்க்கிற இரும்பு வாய் என்றால், ஒன்ராறியோவின் மூலை முடுக்கெல்லாம் இருந்து ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள்.

வாகனத்தின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு. காரவனின் மூக்கில் அந்தக் குண்டைக் கவ்வுகிற வாய். வாய்க்குள் ஒரு நாக்கு, மேலே ஒரு பூட்டு. எங்கள் தொழில் முழுவதும் இவ்வளவுதான். எங்களுடைய தமிழ் வாடிக்கையாளர்களிடம் நான் "உங்கட குண்டைக் கொண்டு வாங்கோ" என்று சொல்லும்போது, முதல் தடவை கேட்பவர்கள் ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். குண்டு விழுந்த ஊர்களில் இருந்து வந்த ஆட்கள் நாங்கள். ஆனால் கொண்டு வரத்தான் வேண்டும். கப்ளிங் புதுப்பித்தால், அதை இழுக்கப் போகிற குண்டோடு சேர்த்துப் பொருத்திப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது என்பது முதலாளியின் விதி.

அஜக்ஸில் இருந்து அருள் என்பவரும் அவருடைய மனைவி ஜெசிந்தாவும் ஒரு காரவன் கொண்டு வந்தார்கள். எழுபதுகளில் செய்தது. முட்டை போல உருண்டையான கண்ணாடியிழைக் கூடு, உள்ளே இரண்டு கட்டில், ஒரு குட்டி அடுப்பு. வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் வாங்கியிருந்தார்கள். இருவரும் மன்னார் ஆட்கள். ஒவ்வொரு கோடையிலும் மிட்லண்டில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடும் யாத்திரைக்குப் போகிறவர்கள். அந்த முறை பிள்ளைகளைக் கூடாரத்தில் படுக்க வைக்காமல் சொந்தக் காரவனில் படுக்க வைக்க வேண்டும் என்பது ஜெசிந்தாவின் ஆசை.

அந்தக் கப்ளிங்கில் பெயின்ற் மேல் பெயின்ற். யார் யாரோ என்னென்ன நிறமோ அடித்திருந்தார்கள். அதையெல்லாம் சுரண்டி எடுத்தபோதுதான் அடியில் பொறித்திருந்த அளவு தெரிந்தது. இரண்டு அங்குலம். உள்நாக்கு தேய்ந்திருந்தது, அதை மாற்றினோம். வெளிக்கூடு நல்ல இரும்பு, அதை அப்படியே வைத்துக்கொண்டோம். அருள் தன்னுடைய வாகனத்தில் இருந்து குண்டு பொருத்திய தண்டைக் கழற்றிக் கொண்டுவந்து தந்தார். அதுவும் இரண்டு அங்குலம். பொருத்தினோம், குலுக்கினோம், தூக்கினோம். கச்சிதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பட்டறை திறக்கும் நேரத்துக்கு அருள் வருவதாகவும், தண்டை வாங்கித் தன் வாகனத்தில் மாட்டி, எங்களோடு சேர்ந்து காரவனைக் கொழுவிப் பார்த்துவிட்டு அப்படியே மிட்லண்டுக்குக் கிளம்புவதாகவும் ஏற்பாடு. அதனால் வியாழன் பின்னேரமே காரவனை முன் முற்றத்தில் நிறுத்தி வைத்தோம். காரவனின் சாவியை அருள் முதலே வாங்கியிருந்தார்.

நான் வெள்ளி காலை வந்து கதவைத் திறந்தபோது முற்றம் வெறுமையாக இருந்தது. உள்ளே போனில் ஒரு செய்தி காத்திருந்தது. ஜெசிந்தாவின் குரல்.

"அக்கா, காலமை எழும்பிப் பார்த்தால் அருளின்ட வாகனம் ஸ்ரார்ட் ஆகேல்லை. என்ர தம்பி சுரேன் தன்ர ட்ரக்கைக் கொண்டு வந்தவன். அவன் புல்லு வெட்டுற ட்ரெய்லர் இழுக்கிறவன்தானே, எல்லாம் தெரியும். டிராபிக்குக்கு முன்னம் போவம் எண்டு நாங்களே கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டிட்டம். அருளும் பிள்ளையளும் என்ர காரில பின்னால வருகினம். நீங்கள் செய்த வேலைக்கு மெத்தப் பெரிய உபகாரம் அக்கா."

நல்லது என்று நினைத்தேன். காலையிலேயே ஒரு வேலை குறைந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, முந்தின நாள் விட்ட வேலையை எடுக்க மேசைக்குப் போனேன்.

மேசையில் அருளின் தண்டு கிடந்தது. குண்டு மேலே பார்த்தபடி.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது இங்கே இருக்கிறதென்றால், அவர்கள் எதில் கொழுவிக்கொண்டு போகிறார்கள்? சுரேனின் ட்ரக்கில் இருக்கும் குண்டு புல்லு வெட்டும் ட்ரெய்லரை இழுக்கிற குண்டு. அந்தச் சின்ன ட்ரெய்லர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சின்னக் குண்டுதான். இரண்டு அங்குல வாய்க்குள் அது போகும். பூட்டும் விழும். பூட்டின் ஓட்டையில் போடுகிற பின்னும் ஏறும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே சரியாகத் தெரியும். வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால், அல்லது திடீரென்று பிரேக் பிடித்துப் பின்னால் இருந்து பாரம் தள்ளினால், பூட்டு பூட்டியபடியே இருக்க வாய் மேலே எழும்பிக் கழன்றுவிடும். கழன்றால் தாங்கிப் பிடிக்கச் சங்கிலிகள் இருக்கின்றன. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் சங்கிலியில் தொங்கும் காரவன் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் பின்னால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அருள் வருகிறார்.

முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். நான் தண்டைக் காட்டி, போனில் வந்த செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. பொலிசைக் கூப்பிட்டு மறிக்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தார்.

"வேண்டாம்" என்றேன். "பின்னால் பொலிஸ் விளக்கைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். உடனே பிரேக்கில் ஏறி நிற்பார்கள்."

அவர் இலக்கத்தை அழுத்தாமல் யோசித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அப்படியென்றால் நீங்களே பேசுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள் பேசினால் நம்புவார்கள். நீங்கள்தானே முதலாளி."

"உங்கள் மொழியில் சொன்னால் அந்தப் பெண் ஒரு நொடிகூட மொழிபெயர்க்க வேண்டி இருக்காது. நான் கணவரைக் கூப்பிட்டு விலகி வரச் சொல்கிறேன்."

அதுவரை வாடிக்கையாளரோடு பிரச்சினை என்றால் எப்போதும் அவர்தான் பேசுவார். நான் பின்னால் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போனை ஒரு கையில் வாங்கி, மற்றக் கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபத்தை விளக்குவதற்கு அப்போது நேரம் இல்லை, விளக்கவும் கூடாது. ஓடுகிற வாகனத்தில் இருக்கும் ஒருவரிடம் "கழலப் போகுது" என்று சொன்னால் அவருடைய கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அந்தப் பிரேக்தான் அதைக் கழற்றும். அதனால் என்ன நடக்கக்கூடும் என்பதை விட்டுவிட்டு, அவருடைய கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். இலக்கத்தை அழுத்தும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இப்போதைய வாகனங்களில் போன் பேச்சு முழுவதும் ஸ்பீக்கரில் கேட்கும்.

ஜெசிந்தா எடுத்தார்.

"அக்கா, செய்தி கிடைச்சதோ?"

"ஓம் ஜெசிந்தா, கிடைச்சது. ஒண்டு கேக்கிறன். போன் ஸ்பீக்கரிலயா இருக்கு?"

"இல்லை. காதிலதான் வைச்சிருக்கிறன். இவன்ட ட்ரக்கில என்ர போன் கனெக்ட் ஆகேல்லை."

"நல்லது. இப்ப எவ்விடத்தில போறியள்?"

"போர் ஹண்ட்ரட்ல. கிங் ரோட் இப்பதான் கழிஞ்சது. ஏன் அக்கா?"

அந்த வீதி, நானூறாம் நெடுஞ்சாலை, உங்களுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் சதுப்பு நிலத்துத் தோட்டங்களை நோக்கி வீதி சரிந்து இறங்கும். இறக்கத்தில் காரவன் முன்னால் தள்ளும். அதற்கு முன்னம் நிறுத்தியாக வேண்டும்.

"முன்னுக்கு வாகனங்கள் நெருங்குதோ?"

"இப்ப இல்லை. தூரத்தில சிவப்பு லைட்டுகள் தெரியுது."

நாக்கு நுனி வரை 'குண்டு' என்ற சொல் வந்தது. விழுங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் 'போல்' என்றே சொன்னேன்.

"ஜெசிந்தா, தம்பியின்ட ட்ரக்கில இருக்கிற போல் கொஞ்சம் சின்னன். அதில காரவன் சரியாய்ப் பிடிபடேல்லை. ஓரத்தில மெல்லமாய் நிப்பாட்டினால் சரி. நாங்கள் மற்றதைக் கொண்டு வாறம். அவர் பிரேக்கில கால் வைக்கக் கூடாது. காஸ் பெடலில இருந்து காலை மட்டும் எடுக்கோணும். அதை மட்டும் இப்ப சொல்லுங்கோ."

ட்ரக்குக்குள் ஏதோ கிறிஸ்தவப் பாட்டு மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கேள்வி கேட்கப் போகிறார், எனக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

"சுரேன், காஸில இருந்து காலை எடு" என்று சொல்வது கேட்டது. சோறு போடட்டோ என்று கேட்பது போன்ற குரல். "பிரேக் வேண்டாம். சும்மா விடு, தானாய்க் குறையட்டும்."

"ஏனக்கா?"

"ஒரு அலுவல் இருக்கு. நீ விடன்."

பக்கத்தில் முதலாளி தன் போனில் அருளோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். காரவனுக்குக் கிட்டப் போக வேண்டாம், நன்றாகப் பின்வாங்குங்கள், இரண்டு சிக்னலையும் போடுங்கள், உங்கள் பின்னால் வருகிறவர்களை மெதுவாக்குங்கள். அவர் கண் மட்டும் என்மேல் இருந்தது.

"குறையுது அக்கா" என்றார் ஜெசிந்தா.

"சரி. இப்ப வலது கரையில, சோல்டரில விடோணும். ஒரேயடியாய்த் திருப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாய். கரையில வரிவரியாய் வெட்டி வைச்சிருக்கிற பள்ளத்தில சில்லு படேக்க கடகடவெண்டு சத்தம் கேக்கும். பயப்பிட வேண்டாம், அப்பவும் பிரேக் வேண்டாம். ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பள்ளத்தைத் தாண்டோணும்."

அவர் ஒவ்வொரு சொல்லாகத் தம்பிக்குச் சொன்னார். தன் பங்குக்கு ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் இடையில் மூச்சு விடுகிற நேரம்தான். பின்னால் ஒரு பார ஊர்தி நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது எனக்கே கேட்டது. பிறகு அந்தக் கடகடச் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிண்டிட்டுது அக்கா."

"எல்லாரும் இறங்கி, வீதிக் கரையில இருக்கிற தகரத் தடுப்புக்கு அங்காலப் போய் நில்லுங்கோ. காரவனுக்குக் கிட்டப் போக வேண்டாம்."

"சரி அக்கா" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. முதலாளி அதை நிறுத்திவிட்டு, கதவில் 'மூடியிருக்கிறது' என்ற பலகையைத் தொங்கவிட்டார். அருளின் தண்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பட்டறையின் வான் வண்டியில் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீதிப் பொலிஸ் வாகனம் ஒன்று பின்னால் விளக்குப் போட்டுக் காவலுக்கு நின்றது. அருள் இரண்டு பிள்ளைகளையும் புல்லில் இருத்தி வைத்திருந்தார். ஜெசிந்தா அவர்கள் பக்கத்தில். சுரேன் மட்டும் தனியாக ட்ரக்கின் கதவில் சாய்ந்து நின்றார். முப்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த, கைப்பலம் உள்ள ஆள். எங்களைக் கண்டதும் நேரே வந்தார்.

"நான் ஒழுங்காய்ப் பூட்டினனான். பின்னும் போட்டனான். வந்து பாருங்கோ. உங்கட கப்ளிங்கில பிழை இருந்தால் அதைச் சொல்லுங்கோ, என்ர போலில பழி போடாதையுங்கோ. எத்தினை வருசமாய் நான் ட்ரெய்லர் இழுக்கிறன்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என் கையைத் தொட்டு மறித்தார். அவர் சுரேனோடு வாதாடவில்லை. வானில் இருந்து மரக்கட்டைகளை எடுத்துக் காரவனின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைத்தார். பிறகு கப்ளிங்குக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, பூட்டைக் காட்டிச் சுரேனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பூட்டு பூட்டித்தானே இருக்கிறது?"

"ஆம், பூட்டித்தான் இருக்கிறது."

"அதைத் தொடாமல், மூக்கைப் பிடித்துத் தூக்குங்கள்."

சுரேன் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கப்ளிங் லேசாக ஒரு தரம் உரசியது. பிறகு குண்டை விட்டு அப்படியே மேலே வந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. பின்கூட இடம் மாறவில்லை.

அவர் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். கீழே வைக்கவும் தெரியவில்லை போல. முதலாளி உதவி செய்து இறக்கி வைத்தார். சுரேன் போய்த் தகரத் தடுப்பில் இருந்தார். யாருக்கென்று இல்லாமல் சொன்னார்.

"என்ர மருமக்கள் பின்னால வந்தவை."

ஜெசிந்தா எழும்பி வந்து அவர் முதுகில் கை வைத்தார்.

அதன் பிறகு இன்னொரு சிக்கல். குண்டை மாற்றினால் போகலாம். ஆனால் சுரேன் இனித் தான் இழுக்க மாட்டேன் என்றார். ட்ரக் சாவியை நீட்டி, "நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் வருகிறேன்" என்று முதலாளியிடம் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தானே மாட்டேன் என்கிற ஆளிடம் காரவனைக் கொடுத்து அனுப்புவது சரியா? முதலாளி சாவியை வாங்கவில்லை. அவர் ஒரு பிடிவாதக்காரர் என்று அந்த நிமிடம் எனக்குக் கோபம்கூட வந்தது.

"முதலில் நீங்களே கொழுவுங்கள். அதற்குப் பிறகு யார் ஓட்டுவது என்று பார்ப்போம்" என்றார்.

சுரேன் சின்னக் குண்டைக் கழற்றினார். அருளின் தண்டை மாட்டினார். கப்ளிங்கை இறக்கிப் பூட்டினார், பின்னைப் போட்டார், சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார். சரியா என்று எங்களைப் பார்த்தார். முதலாளி தலையாட்டவில்லை. காரவனின் மூக்கில் இருக்கும் ஜாக்கைக் காட்டி, சுற்றச் சொன்னார். சுரேன் சுற்றச் சுற்ற, காரவனின் மூக்கோடு சேர்ந்து ட்ரக்கின் பின்பக்கமும் மெல்ல மெல்ல எழும்பியது. ஸ்பிறிங்குகள் முனகின. கப்ளிங் அசையவில்லை. அந்த ட்ரக் முழுவதையும் தூக்கினாலும் அது விடாது என்று அவர் தன் கண்ணால் பார்த்தார்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு ஜாக்கை இறக்கினார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "ஏறக்கா" என்றார். அவரே ஓட்டினார்.

அன்று முதலாளி சாவியை வாங்கியிருந்தால் காரவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். சுரேன் அதோடு இழுப்பதை விட்டிருப்பார், அல்லது ஒவ்வொரு பள்ளத்திலும் செத்துப் பிழைத்துக்கொண்டு இழுத்திருப்பார். இரும்பை மட்டும் திருத்திவிட்டு ஆளை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது என்று நான் விளங்கிக்கொண்டது அந்த வீதியோரத்தில்தான். நான் நினைத்தது பிழை, அவர் நினைத்தது சரி. இப்போது அதைச் சொல்ல எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

திரும்பிப் போவதுதானே என்று நினைத்தேன். முதலாளி வானில் இரண்டு சிக்னலையும் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே போனார். சதுப்பு நில இறக்கத்தில் இறங்கி, கறுப்பு மண் தோட்டங்களைத் தாண்டி, மறுபக்க ஏற்றத்தில் ஏறி, மிட்லண்ட் வரைக்கும்.

நான் சைவ சமயத்தவள். அந்த யாத்திரைக்கு அதற்கு முன்னம் போனதில்லை. தேவாலயத்தை அண்டிய புல்வெளி முழுவதும் கூடாரங்களும் காரவன்களும். ஒரு பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் பெரிய சட்டியில் மீன் குழம்பு கொதித்தது. எங்களைச் சாப்பிடாமல் விட மாட்டோம் என்று அருள் மறித்துவிட்டார். முதலாளி ஒரு மடக்குக் கதிரையில் இருந்து கையால் சோறு குழைத்துச் சாப்பிட முயன்று, முழங்கை வரை குழம்பாக்கிக்கொண்டார். பிள்ளைகள் அவருக்கு உருண்டை பிடிக்கக் காட்டிக் கொடுத்தார்கள்.

சுரேனைக் காணவில்லை. தேடினால், அவர் புல்வெளியில் நின்ற ஒவ்வொரு வாகனத்தின் பின்னாலும் குந்திக் குந்திக் குண்டின் தலையில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்துக்கொண்டு போனார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தார்.

"அக்கா, அங்கையும் ஒண்டு இருக்கு. அதே சின்னப் போல். அதே ரெண்டு அங்குலக் கப்ளிங்."

போய்ப் பார்த்தோம். மோர்னிங்சைட்டில் இருந்து வந்த வயதான ஒருவரின் காரவன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"உந்தப் போலோடதான் தம்பி நான் வருசா வருசம் வாறன். ஒண்டும் நடக்கேல்லை."

"ஓம் அங்கிள்" என்றார் சுரேன். "எனக்கும் இண்டைக்குக் காலமை வரைக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

பெரியவர் கொஞ்ச நேரம் சுரேனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வாகனத்தின் பின்பக்கத்துக்கு வந்து தானே குந்திப் பார்த்தார். முதலாளி வானில் எப்போதும் மேலதிகமாக ஒரு குண்டு வைத்திருப்பார். அதைச் சுரேனே மாட்டினார், சுரேனே ஜாக்கைச் சுற்றி அந்தப் பெரியவருக்குக் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீங்கள் ஒவ்வொரு கப்ளிங்கிலும் வேலை முடிந்ததும் சிவப்புப் பெயின்றில் அளவைப் பெரிதாக எழுதுகிறீர்களே, அது அதற்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கிய பழக்கம். பழைய காரவன் பிரியர்கள் சிலருக்கு அது பிடிக்காது. அழகு கெட்டுவிட்டது, அந்தக் காலத்தில் இப்படி இல்லை என்பார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தை மட்டும் அழிக்க வேண்டாம். முன் முற்றத்தில் காரவனை விட்டுச் சாவியை முதலே கொடுப்பதும் அன்றோடு நின்றது. அது யாருடைய குற்றமும் இல்லை. வாகனம் பழுதாகி, தம்பி உதவிக்கு வந்து, எல்லாரும் நல்லதையே நினைத்துச் செய்த காலை அது. அப்படிப்பட்ட காலைகளில்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அன்று மிட்லண்டில் சாப்பிட்டு முடிந்து கை கழுவும் இடத்தில் ஜெசிந்தாவும் நானும் தனியாக நின்றோம். அவர் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தக் குரல் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஜெசிந்தா, என்னண்டு அப்பிடி அமைதியாய் இருந்தனீங்கள்? ஏனெண்டு ஒரு கேள்விகூடக் கேக்கேல்லையே."

அவர் சிரித்தார். "நான் எங்க அக்கா அமைதியாய் இருந்தனான்? கேள்வி கேட்டால் அழுதிடுவன் எண்டு பயத்தில கேக்கேல்லை. நீங்கள் அவ்வளவு ஆறுதலாய்க் கதைச்சியள். அப்ப பெரிய ஆபத்து ஒண்டும் இல்லையாக்கும் எண்டு நினைச்சன். உங்கட குரலைத்தான் அப்பிடியே அவனுக்குச் சொன்னன்."

நான் ஆறுதலாகவா? மேசையைப் பிடிக்காமல் நிற்க முடியாத ஆள் நான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஈரக் கையோடு.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. நகரத்தை நோக்கி வரும் பக்கம் வீதி காலியாக இருந்தது. முதலாளியின் சட்டைக் கையில் மஞ்சள் கறை. ஜெசிந்தா சொன்னதை அவருக்குச் சொன்னேன். பிறகு, என் மனதில் இருந்ததையும் சொன்னேன்.

"நான் அமைதியாக இருந்தேன் என்றால் அது உங்களால்தான். நான் பேசும்போது நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். உங்கள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. இவருக்கே பயமில்லை என்றால் எனக்கென்ன என்று நினைத்தேன்."

அவர் வீதியைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நீங்கள் அந்தப் பெண்ணோடு பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் பேசுவது போல இருந்தது. அதைக் கேட்டுத்தான் நான் நின்றேன்."